சுவரில்லாத வீடு: பழைய அமெரிக்கத் துன்பியல் நாடகத்தை வெறும் மேடையில் ஏற்றுவது எப்படி

2014இல் லண்டன் யங் விக் அரங்கில் ஆர்தர் மில்லரின் 'எ வியூ ஃப்ரம் த பிரிட்ஜ்' நாடகத்தைப் பார்க்கப் போனவர்களுக்கு மேடையில் வீடு தென்படவில்லை. கதை நடப்பதோ பெரும்பாலும் ஒரு வீட்டில். நியூயார்க்கின் புரூக்ளினில், துறைமுகத்தை ஒட்டிய ரெட் ஹுக் பகுதியில், கப்பல் சரக்கு இறக்கும் எடி கார்போன் என்ற தொழிலாளியின் வீடு அது. சாப்பாட்டு மேசை, பாட்டுப்பெட்டி, தெருவோரத் தொலைபேசி என்று மில்லர் எழுதிவைத்திருந்ததை எல்லாம் இயக்குநர் ஈவோ வான் ஹோவவும் மேடையையும் ஒளியையும் வடிவமைத்த யான் வெர்ஸ்வேவெல்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். மிஞ்சியது வெள்ளைத் தரை, அதைச் சுற்றி உட்காருகிற உயரத்தில் ஒரு விளிம்பு, பின்னால் ஒரு வாசல். நடிகர்கள் வெறுங்காலோடு வந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம், இடைவேளை கிடையாது. முடிவில் எல்லோர் தலைமேலும் சிவப்பாக மழை கொட்டியது.

அடுத்த ஆண்டு அதற்கு லண்டன் நாடக உலகின் ஆலிவியர் விருதுகள் மூன்று கிடைத்தன; எடியாக நடித்த மார்க் ஸ்ட்ராங் வாங்கியது அதில் ஒன்று. நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்குப் போனபின் 2016இல் அங்கே தரும் டோனி விருதுகள் இரண்டு. அதற்கு முன்பும் பின்பும் பல இயக்குநர்கள் மில்லர், டென்னசி வில்லியம்ஸ், யூஜின் ஓ'நீல் ஆகியோரின் நாடகங்களை இப்படி உரித்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு வாய்த்தது, சிலருக்கு வாய்க்கவில்லை. அவர்கள் செய்ததை வைத்து, ஒரு சின்னக் குழுவோ கல்லூரி நாடக மன்றமோ இதை எப்படி அணுகலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். நாடகம் போடும் எண்ணமே இல்லாமல் பார்க்க மட்டும் விரும்புகிறவர்களுக்கும் இது உதவும். எதை எடுத்தார்கள் என்று தெரிந்தால்தானே எதை வைத்தார்கள் என்பது கண்ணில் படும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையிலிருந்து ஒரு பொருளைத் தூக்கினால் அது சுமந்துகொண்டிருந்த பாரம் வேறு எங்காவது இறங்கியாக வேண்டும். வசனத்தில் இறங்கலாம், உடம்பில் இறங்கலாம், ஓசையில் இறங்கலாம். எதில் இறக்குவது என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் பார்ப்பவர்களுக்குத் தெரியப்போவது ஒரு காலி ஹால்தான்.

படி 1: நாடகத்தைப் பிடியுங்கள், உரிமையைக் கவனியுங்கள்

சலிப்பான வேலை. ஆனால் இதை விட்டுவிட்டு ஒத்திகை தொடங்கினால் பின்னால் அழ வேண்டியிருக்கும்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. ஓ'நீல் 1953இல் இறந்தார். அதனால் அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த நாடகங்கள் இங்கே 2014 முதல் பொதுவுடைமை. அவர் மறைவுக்குப் பிறகு 1956இல் அச்சான 'லாங் டே'ஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கு, அதுவும் முடிந்துவிட்டது. இலங்கை, சிங்கப்பூர் போன்ற இடங்களில் பொதுக் கணக்கு 70 ஆண்டு. வில்லியம்ஸ் இறந்தது 1983இல், மில்லர் 2005இல். இவர்கள் நாடகங்களுக்கு அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் இந்த நாடகங்களுக்கு உரிமம் தருவதை டிரமாட்டிஸ்ட்ஸ் பிளே சர்வீஸ் போன்ற நிறுவனங்கள் தொழிலாகவே செய்கின்றன. இன்னொருவர் செய்த தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்தால் அவருடைய உரிமை தனி.

அனுமதி என்பது மேடையேற்ற மட்டும் அல்ல, வெட்டுவதற்கும் சேர்த்துத்தான். நியூயார்க்கின் ஊஸ்டர் குரூப் 1984இல் மில்லரின் 'த க்ரூசிபிள்' நாடகத்திலிருந்து சில பகுதிகளை எடுத்துத் தங்கள் படைப்பில் வைத்தார்கள். மில்லர் சம்மதிக்கவில்லை. வழக்கறிஞர் கடிதம் வந்தது, காட்சி நின்றது. 'நாலு நாற்காலியை எடுப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்?' என்று தோன்றும். நாற்காலியை எடுங்கள், பரவாயில்லை. நாலு வரியை எடுப்பதாக இருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

முதல் முயற்சி என்றால் என் யோசனை ஓ'நீலின் 'டிசையர் அண்டர் தி எல்ம்ஸ்'. ஆட்கள் குறைவு, பகை தெளிவு, உரிமைத் தொல்லை இல்லை.

படி 2: ஆசிரியர் முதலில் என்ன கேட்டார் என்று பாருங்கள்

பழைய நாடகம் என்றாலே பழைய செட், அதை உடைப்பதுதான் புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஆசிரியர்கள் விஷயத்தில் அது பாதி பொய்.

'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்துக்கு மில்லர் முதலில் யோசித்த தலைப்பு 'அவன் தலைக்குள்ளே' என்ற பொருள் தருவது. எழுத்துப் பிரதியில் அவர் கேட்டது மூன்று வெறும் மேடைத் தட்டுகளும் அத்தியாவசிய மரச்சாமான்களும்தான். 1949இல் எலியா கசான் இயக்கியபோது ஜோ மீல்சினர் அதிலிருந்து எலும்புக்கூடு மாதிரி ஒரு வீட்டை வரைந்தார். கூரையின் கோடு மட்டும் தெரியும், சுவர் வழியாக ஆட்கள் நடப்பார்கள். நாம் 'பழைய செட்' என்று நினைப்பதே அன்றைக்குப் பாதி உரித்த செட்.

வில்லியம்ஸும் அப்படித்தான். 'த கிளாஸ் மெனாஜெரி' நூலின் முன்குறிப்பில், வீட்டை அப்படியே காட்டுகிற யதார்த்த நாடகம் களைத்துவிட்டது என்ற பொருளில் எழுதுகிறார். காட்சிக்குக் காட்சி ஒரு திரையில் வாசகங்கள் விழ வேண்டும் என்றும் கேட்டார். 1945 பிராட்வே மேடையேற்றத்தில் அந்தத் திரையை விட்டுவிட்டார்கள். நூலில் இன்றும் அது இருக்கிறது.

தார்ன்டன் வைல்டர் இன்னும் ஒரு படி மேலே போய் 'அவர் டவுன்' நாடகத்தை 1938இலேயே திரையும் இல்லை, காட்சியமைப்பும் இல்லை என்று தொடங்கினார். தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேர் பிடித்த திரை விலகினால் அரசவை என்று நாம் ஒப்புக்கொண்டவர்கள்தானே.

ஓ'நீல் நேர் எதிர். 'லாங் டே'ஸ் ஜர்னி'யில் அலமாரியில் என்னென்ன ஆசிரியர்களின் நூல்கள் இருக்க வேண்டும் என்பது வரை எழுதுகிறார். அவருடைய மேடைக்குறிப்பைத் தாண்டுவது ஒரு மனிதரோடு சண்டை போடுவதற்குச் சமம். மில்லரின் மேடையைக் காலி செய்வது அவர் முதலில் நினைத்த இடத்துக்குத் திரும்புவது. ஓ'நீலின் மேடையைக் காலி செய்தால் அவர் பிடிவாதமாகக் கேட்ட ஒன்றை மறுக்கிறீர்கள். இரண்டையும் செய்யலாம். எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

படி 3: பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டு எடுத்து, நாடகத்தில் வருகிற ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கேள்வி. இதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? யாராவது கையில் எடுக்கிறார்களா? நாடகம் முடிவதற்குள் இதற்கு ஏதாவது நேர்கிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் காட்சியில் ஸ்டான்லி ஒரு இறைச்சிப் பொட்டலத்தை மனைவி ஸ்டெல்லாவிடம் வீசுகிறான். அதற்கப்புறம் அதற்குக் கதை இல்லை. ஸ்டெல்லாவின் அக்கா பிளாஞ்ச் கொண்டுவந்த பெட்டி இருக்கிறது, ஸ்டான்லி அதைக் கிளறிப் பார்க்கிறான். வானொலிப் பெட்டி இருக்கிறது, ஜன்னல் வழியே எறிகிறான். காகித விளக்குக்கூடு இருக்கிறது. பிளாஞ்ச் வெறும் பல்பின் வெளிச்சத்துக்குப் பயந்து அதை மாட்டச் சொல்கிறாள். அவளை விரும்பும் மிட்ச் ஒருமுறை அதைக் கிழித்து இழுத்து அவள் முகத்தைப் பார்க்கிறான். கடைசிக் காட்சியில் ஸ்டான்லி அதைப் பிடுங்கி அவளிடம் நீட்டுகிறான். இந்தக் கூடு ஒரு பாத்திரம். கட்டில், மேசை, பீரோ, சுவர், படிக்கட்டு எல்லாம் போனாலும் இது போகக்கூடாது. குளியல் தொட்டியோ ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத பக்கம்தான் இருக்கிறது. பாட்டு மட்டும் கேட்கும். அதற்குச் செலவே இல்லை.

'கிளாஸ் மெனாஜெரி'யில் கொம்பு உடையும் கண்ணாடிக் குதிரை அப்படி. 'சேல்ஸ்மேன்' நாடகத்தில் காலுறை அப்படி: வில்லி ஓரிடத்தில் வேறொரு பெண்ணுக்குப் புதுக் காலுறை கொடுத்துவிட்டு, வீட்டில் மனைவி கிழிந்ததைத் தைப்பதைப் பார்க்கச் சகிக்காமல் கத்துகிறார். குளிர்பதனப் பெட்டி? அதன் தவணையைப் பற்றிப் பேசினால் போதும், பெட்டி வேண்டாம்.

இந்தப் பட்டியலைச் செய்து முடித்தால் பெரும்பாலும் ஆறேழு பொருள்கள்தான் தேறும். அதிலும் பாதியை ஒத்திகையில் இழப்பீர்கள்.

படி 4: ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வெற்றி பெற்ற வெறும் மேடைகளைப் பார்த்தால் ஒன்று புரியும். அவை வெறுமையாக இல்லை. ஒரே ஒரு முடிவு மேடை முழுவதையும் பிடித்திருக்கிறது.

வில்லியம்ஸின் 'சம்மர் அண்ட் ஸ்மோக்' இதற்கு நான் அறிந்த நல்ல பாடம். 1947இல் டாலஸில் மார்கோ ஜோன்ஸ் சுற்றிலும் பார்வையாளர்கள் உட்காரும் வட்ட அரங்கில் முதலில் போட்டார், நன்றாகப் போனது. அடுத்த ஆண்டு அதே மார்கோ ஜோன்ஸ் பெரிய செட்டோடு பிராட்வேக்குக் கொண்டுபோனார். சுமார் 100 காட்சியோடு நின்றது. 1952இல் ஹோசே கின்டேரோ முன்பு இரவு விடுதியாக இருந்த ஒரு சின்ன இடத்தில், சர்க்கிள் இன் த ஸ்கொயர் அரங்கில், ஜெரால்டின் பேஜை வைத்து மறுபடி போட்டார். ஆஃப் பிராட்வே என்ற சிறிய அரங்குகளின் உலகமே அங்கிருந்து தொடங்கியது என்பார்கள். 2018இல் லண்டன் அல்மைடா அரங்கில் ரெபெக்கா ஃப்ரெக்னால் இதை எடுத்தபோது மேடையில் ஒன்பது பியானோக்கள், அரைவட்டமாக. வேறு வீடு வாசல் இல்லை. நாயகி அல்மா பாட்டு சொல்லித்தருகிற பெண். அவள் உடம்புக்குள் அடக்கிவைத்திருப்பது எல்லாம் அந்தப் பியானோக்களின் வயிற்றிலிருந்து கேட்டது. பாட்சி ஃபெரானுக்கு 2019இல் ஆலிவியர் விருது கிடைத்தது.

ஒன்பது பியானோவை வைத்துக்கொண்டு 'குறைவான மேடை' என்கிறீர்களே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். எண்ணிக்கையில் ஒன்பது, எண்ணத்தில் ஒன்று.

பிடித்துக்கொள்ளும் அந்த ஒன்று வசனத்துக்குள்ளிருந்து வர வேண்டும். ராபர்ட் ஃபால்ஸ் 2009இல் 'டிசையர் அண்டர் தி எல்ம்ஸ்' போட்டபோது தலைப்பிலேயே இருக்கும் எல்ம் மரங்களை எடுத்துவிட்டார். அதற்குப் பதில் மேடை நிறையப் பாறைகள். வீடு கயிற்றில் தொங்கியது. மேடை குறைந்ததா என்றால் இல்லை, ஆனால் நம் பாடத்துக்கு உதவும். கிழவர் எஃப்ரயிம் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி நிலம் திருத்தியதை, கல்லில்தான் கடவுள் இருக்கிறார் என்பதைப் பேசுகிற நீண்ட வசனம் அந்த நாடகத்தின் முதுகெலும்பு. பாறை அந்த வசனத்திலிருந்து உருண்டு வந்தது.

இதோடு சேர்த்து இன்னொரு தந்திரம்: ஒரு நிஜத்தைக் கடைசிக்கு ஒளித்து வையுங்கள். டேவிட் க்ரோமர் 2009இல் நியூயார்க்கின் பேரோ ஸ்ட்ரீட் அரங்கில் 'அவர் டவுன்' போட்டார். வைல்டர் சொன்னபடி செட் இல்லை, சாதாரண உடை, அரங்க விளக்குகள் கூட அணையவில்லை. மூன்றாம் அங்கத்தில் இறந்துபோன எமிலி தன் 12ஆவது பிறந்தநாளுக்கு ஒரே ஒரு முறை திரும்பிப் போகிறாள். அப்போது ஒரு திரை விலகியது. பின்னால் முழு சமையலறை, உண்மை அடுப்பு, அதில் பன்றி இறைச்சி வறுபட்டு வாசனை அரங்கம் முழுக்கப் பரவியது. இரண்டு அங்கங்கள் பட்டினி போட்டுவிட்டு அவர் கொடுத்த ஒரு கவளம் அது. வைல்டரின் குறிப்பை அப்பட்டமாக மீறிய செயல்தான். எனக்குத் தெரிந்து இந்த வகையில் இதைவிடக் கூர்மையான முடிவை யாரும் எடுக்கவில்லை.

வான் ஹோவவின் சிவப்பு மழையும் அதே கணக்குதான். முதல் காட்சியில் எடி வேலை முடிந்து தண்ணீரில் உடம்பைக் கழுவுகிறார். கடைசியில் கழுவ முடியாதது மேலிருந்து விழுகிறது.

செலவு பற்றி ஒரு வார்த்தை. மழை என்று எழுதுவது சுலபம். தண்ணீர் தாங்கும் தரை, வடிகால், மின்கம்பிகளுக்குப் பாதுகாப்பு, தினமும் துவைக்க மாற்றுடை, வழுக்கி விழாத வெறுங்கால் எல்லாம் வேண்டும். 'வெறும் மேடைதானே, செலவு குறையும்' என்று தயாரிப்பாளரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

படி 5: இடைவேளையை எடுக்கலாமா?

எடுக்கலாம், நாடகம் இடம் கொடுத்தால். 'வியூ ஃப்ரம் த பிரிட்ஜ்' 1955இல் பிராட்வேயில் முதலில் ஏறியபோது ஓரங்க நாடகம். அடுத்த ஆண்டு லண்டனில் பீட்டர் புரூக் இயக்கியபோது மில்லர் அதை இரண்டு அங்கமாக விரித்தார். மனைவி பியாட்ரிஸுக்கும் கேத்தரினுக்கும் அப்போதுதான் சதை கூடியது. வான் ஹோவ விரித்த பிரதியை எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து ஆட்களைக் குறைத்து, எட்டு நடிகர்களோடு ஒரே மூச்சில் ஓட்டினார். பழைய வேகமும் கிடைத்தது, புதிய சதையும் தங்கியது.

செட் இல்லாத இடத்தில் இடைவேளை விட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. பார்வையாளர் மனத்தில் கஷ்டப்பட்டுக் கட்டிய வீடு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் இடிந்துபோகும். திரும்பக் கட்டப் பத்து நிமிடம் ஆகும். அதற்காக 'ஸ்ட்ரீட்கார்' மாதிரி மூன்று மணி நேர நாடகத்தை இடைவேளை இல்லாமல் ஓட்டாதீர்கள். மனிதர்களுக்கு மூத்திரப்பை என்று ஒன்று இருக்கிறது.

படி 6: சொல்தான் சுவர்

தமிழில் ஏற்றுகிறவர்கள் இந்தப் படியில் நின்று நிதானிக்க வேண்டும். செட் இருந்தால் மொழிபெயர்ப்பின் ஓட்டையைச் செட் மறைக்கும். இங்கே மறைக்க ஒன்றும் கிடையாது.

எடி கார்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி பியாட்ரிஸின் அக்காவோ தங்கையோ பெற்ற பெண் கேத்தரின். தாய் இறந்தபின் இவர்கள் வளர்க்கிறார்கள். அவள் மேல் எடிக்கு இருக்கும் ஆசை அவர் தனக்கே ஒப்புக்கொள்ள முடியாத ஆசை. நாடகம் முழுக்க அந்த ஒப்புக்கொள்ளாமையில்தான் ஓடுகிறது. ஆங்கிலத்தில் கேத்தரின் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். தமிழில் எந்தப் பெண்ணும் அப்படிக் கூப்பிட மாட்டாள், ஆகவே மொழிபெயர்ப்பவர் ஒரு உறவுச் சொல்லைப் போட்டாக வேண்டும். அகராதி 'அங்கிள்' என்றால் மாமா என்கிறது. மாமா என்று போட்டீர்களோ, நாடகம் அந்த இடத்திலேயே முடிந்தது! மாமனுக்கு அக்கா மகளைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் உள்ள சமூகத்தில், எடியின் ஆசை குற்றமாகவே தோன்றாது. 'கட்டிக்க வேண்டியவர்தானே' என்று மூன்றாவது வரிசையில் ஒருவர் சொல்லுவார். பியாட்ரிஸ் அவளுக்குச் சித்தி. எடி சித்தப்பா. சித்தப்பா என்று அவள் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அந்த மனிதருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்புகிறது. மேடையில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே சுவர் அதுதான்.

எடியைப் பற்றி நமக்குச் சொல்லும் வழக்கறிஞர் அல்ஃபியேரி, 'மெனாஜெரி'யின் டாம், 'அவர் டவுன்' நாடகத்தின் மேடை மேலாளர் போன்ற கதைசொல்லிகள் வெறும் மேடைக்கு வரப்பிரசாதம். கட்டியங்காரன் போல அவர்கள் பார்வையாளரிடம் நேரே பேசுவார்கள், இடத்தைச் சொல்லாலேயே போட்டுவிடுவார்கள். அவர்கள் வசனத்தை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செட்டையும் எடுத்துவிட்டு அதைச் சொல்லுகிற ஆளையும் எடுத்தால் அப்புறம் என்ன மிஞ்சும்?

படி 7: ஒத்திகையில் வீட்டைக் கட்டி, பிறகு இடியுங்கள்

முதல் வாரம் முழு மரச்சாமான்களோடு ஒத்திகை பாருங்கள். தரையில் டேப் ஒட்டிக் கதவு, ஜன்னல், அடுப்பு எல்லாவற்றையும் குறியுங்கள். நடிகர்கள் மேசையில் இடித்துக்கொள்ளட்டும். இரண்டாவது வாரம் தினம் ஒரு பொருளை எடுங்கள். எடுத்த அன்று அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். எந்தப் பொருளை எடுத்தபின் காட்சி சரிகிறதோ அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். படி 3இன் பட்டியல் தப்பு என்று இங்கேதான் தெரியவரும். டேப்பை மட்டும் கடைசி வாரத்தில் பிய்த்தால் போதும். அதற்குள் கால்களுக்கு வீடு தெரிந்திருக்கும்.

பாவனை நடிப்பு பற்றி: 'அவர் டவுன்' நாடகத்தில் அது உண்டு, வைல்டரே எழுதியிருக்கிறார். மில்லரில் வேண்டாம். ஒருமுறை எங்கள் ஒத்திகையில் ஒரு நடிகர் இல்லாத காபியை இல்லாத டம்ளரில் குடித்தார். நன்றாகவே செய்தார். ஆனால் அவர் டம்ளரைக் கீழே வைக்கும் உயரம் ஒவ்வொரு முறையும் மாறியது. பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் வசனத்தை விட்டுவிட்டு அந்த மாயமேசை ஏறி இறங்குவதையே கவனித்தார்கள். காபி குடிக்காமலே அந்தக் காட்சி நடக்கும் என்று பிறகுதான் புரிந்தது.

சாமான் போனபின் பேசுவது தூரமும் உடம்பும்தான். யங் விக் மேடையில் கேத்தரினாக நடித்த ஃபீபி ஃபாக்ஸ் ஓடிவந்து சின்னக் குழந்தை மாதிரி எடியின் இடுப்பில் தொற்றிக்கொண்டார். அவள் குழந்தை இல்லை என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும்; அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. நடுவில் ஒரு சோபா கிடந்திருந்தால் அந்தப் பாய்ச்சல் இவ்வளவு பேசியிருக்காது. மில்லரின் நாற்காலிக் காட்சியும் அப்படி. எடியால் ஒரு காலைப் பிடித்துத் தூக்க முடியாத நாற்காலியை, இத்தாலியிலிருந்து ஒளிந்து வந்து அவர் வீட்டில் தங்கியிருக்கும் மார்கோ தலைக்கு மேல் தூக்கி நிற்கிறான். ஆறு நாற்காலி உள்ள வீட்டில் அது ஆறில் ஒன்று. வெற்று மேடையில் அது ஒரு ஆயுதம்.

படி 8: ஒலி, ஒளி

ஒலியை இசை என்று மட்டும் நினைக்க வேண்டாம். வான் ஹோவவின் மேடையில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் ரெக்வியம் என்ற இரங்கல் இசை திரும்பத் திரும்ப அடியில் ஓடியது. ஒரு காட்சியில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் நீண்ட மௌனம், அதில் ஒற்றைத் தட்டு ஓசை மட்டும். ஃப்ரெக்னால் அல்மைடாவில் 'ஸ்ட்ரீட்கார்' போட்டபோது சதுரமான வெற்று மேடைக்கு மேலே ஒரு டிரம் கலைஞரை உட்கார வைத்தார். அந்த மேடையேற்றத்தில் ஸ்டெல்லாவாக நடித்தவர் சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த அஞ்சனா வாசன். 2023இல் துணைப் பாத்திரத்துக்கான ஆலிவியர் விருது அவருக்குத்தான். நேரில் வாசிக்கும் கருவி ஒன்று இருந்தால் நல்லது. பதிவு செய்த ஒலி நடிகரின் மூச்சுக்குக் காத்திருக்காது.

ஒளியில் எனக்குத் தெரிந்த சின்ன விதி: காட்சி மாறும்போது இருட்டாக்காதீர்கள். இருட்டு, பொருள்களை நகர்த்துவதற்காக வந்த வழக்கம். நகர்த்த ஒன்றும் இல்லாதபோது எதற்கு? விளக்கின் கோணத்தை மாற்றுங்கள் அல்லது ஒரு நடிகர் திரும்பி நிற்கட்டும்.

படி 9: எங்கே உட்கார வைப்பது

முடிந்தால் மூன்று பக்கமும். படச்சட்டம் போல முன்பக்கம் மட்டும் திறந்த பிராட்வேயின் பழைய மேடைக்குப் போனபோதும் வான் ஹோவ மேடையின் மேலேயே இருக்கைகள் போட்டார். எதிரே இன்னொரு முகம் தெரிவது நல்லது. மில்லருக்கு எப்போதுமே ஒரு நீதிமன்றம் தேவை.

சறுக்கும் இடங்கள்

2017இல் சாம் கோல்ட் பிராட்வேயின் பெலாஸ்கோ அரங்கில் 'கிளாஸ் மெனாஜெரி' போட்டார். பின்சுவர்ச் செங்கல் தெரிகிற அளவுக்கு மேடை காலி. ஒரு மேசை, சில நாற்காலிகள். லாராவாக நடித்த மேடிசன் ஃபெரிஸ் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர். தாயாக நடித்த சாலி ஃபீல்டு அவரை அரங்கிலிருந்து மேடைக்கு ஏற்ற உதவுவதே தொடக்கக் காட்சி. அந்த நேரம் அரங்கத்தில் வேறு எதையும் பார்க்க முடியாது. ஆனால் வில்லியம்ஸ் எழுதிய லாராவின் கால் குறை லேசானது. தாய் அதை இல்லை என்று சாதிப்பதும், வீட்டுக்கு விருந்தாளியாக வரும் ஜிம் அதைக் கவனித்ததே இல்லை என்று சொல்வதும் அதனால்தான் பொருந்துகின்றன. கண்முன் தெரிகிற உடம்பு ஒன்று சொல்ல, வசனம் வேறொன்று சொன்னது. இந்த மோதல்தான் மேடையேற்றத்தின் உயிர் என்றவர்களும் உண்டு. எனக்கு, இயக்குநர் அந்த மோதலைக் கவனித்துச் செய்தாரா, விட்டுவிட்டாரா என்று கடைசிவரை தெளிவாகவில்லை. விமர்சகர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள்.

இன்னொரு சறுக்கல், ஊர் கரைந்துபோவது. ரெட் ஹுக்கில் கப்பலில் ஒளிந்து வந்த இத்தாலியர்களின் பசி, வேலைக்குக் காலையில் கூட்டமாக நிற்பது, காட்டிக்கொடுத்தவனைத் தெருவே ஒதுக்குவது எல்லாம் இந்த நாடகத்தின் ஊர். மில்லருக்கு வழக்கறிஞர் நண்பர் வின்சென்ட் லாங்கி சொன்ன உண்மைக் கதைதான் இதன் வித்து. வெள்ளைத் தரையில் எடி ஒரு கிரேக்க நாயகனாக நிமிர்ந்து நிற்கிறார், சரி. ஆனால் கூலிக்காரர் எடி கொஞ்சம் மங்கிவிடுகிறார். அண்டை வீட்டார் இல்லாத மேடையில், காட்டிக்கொடுத்த எடியின் முகத்தில் மார்கோ துப்புவதை யார் பார்க்கிறார்கள்? அந்த மேடையேற்றத்தை எவ்வளவு ரசித்தாலும் இந்தக் கேள்வி எனக்குப் போகவில்லை. நீங்கள் போடும்போது நாலு பேரை விளிம்பில் சும்மா நிற்க வையுங்கள். வசனம் வேண்டாம், பார்த்தால் போதும்.

மாறாக, உரித்த மேடை ஊரைக் கூட்டிக் கொடுப்பதும் உண்டு. 2019இல் யங் விக்கில் மரியான் எலியட், மிராண்டா க்ரோம்வெல் இருவரும் இயக்கிய 'சேல்ஸ்மேன்' நாடகத்தில் லோமன் குடும்பம் கறுப்பினக் குடும்பம். வில்லியாக வெண்டெல் பியர்ஸ். ஜன்னல் சட்டங்களும் சாமான்களும் கம்பியில் மேலே தொங்கித் தேவைக்கு இறங்கின. நிலையாக நிற்காத அந்த வீட்டில், 1940களின் புரூக்ளினில் இந்த மனிதருக்கு எந்தக் கதவு திறக்கும் என்ற கேள்வி தானாக எழுந்தது.

கடைசி ஒத்திகைக்கு முன் ஒரு சோதனை

நாடகத்தைப் படிக்காத, உங்கள் குழுவில் இல்லாத மூன்று பேரை அழைத்து உட்கார வையுங்கள். முடிந்ததும் நன்றாக இருந்ததா என்று கேட்க வேண்டாம். நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து அந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். தெருவாசல் எங்கே, அந்தப் பெண் தூங்குவது எந்தப் பக்கம், தொலைபேசி இருக்கும் மூலை எது. மூன்று தாளிலும் வாசல் ஒரே இடத்தில் இருந்தால் டிக்கெட் அச்சடிக்கலாம். ஆளுக்கொரு பக்கம் இருந்தால் டேப்பை மறுபடி ஒட்டுங்கள்.